தேசிய அரும்பொருளகமும் நம் குழந்தைகளும்

ஒரு நூலை மதிப்பிடப் புகுவோர், அதனை ஆக்கியோன் யார், பொருளை அடுக்கிய முறை எத்தகையது, அதன் மொழி யாருக்கு விளங்குவது, அதில் கூறாது விடப்பட்டது யாது என்று நான்கு வினாக்களை எழுப்புவது வழக்கம். அரும்பொருளகமும் ஒரு நூலே. ஏட்டுக்குப் பதிலாகக் கூடங்களும், எழுத்துக்குப் பதிலாகக் கல்லும் எலும்பும் இரும்பும் கொண்டு எழுதப்பட்ட நூல் அது. ஆயினும் நம்மவர் நாவலையும் நாடகத்தையும் ஆராய்கின்ற அளவில் ஒரு சிறு பங்குகூட இந்நூலை ஆராய்ந்ததில்லை. குழந்தைகளைக் கையிற் பிடித்துக்கொண்டு உள்ளே சென்று, ஒரு சுற்றுச் சுற்றி, புகைப்படம் எடுத்துக்கொண்டு வெளியே வருவதோடு கடமை தீர்ந்தது என்று எண்ணுகின்றோம். அக்குழந்தை அங்கே எதைப் படித்தது, எதைப் படிக்கவொட்டாமல் திரும்பியது என்பதே இக்கட்டுரையில் நாம் ஆராய எடுத்துக்கொண்ட பொருள்.

1851ஆம் ஆண்டில் தோன்றிய சென்னை அரும்பொருட்சாலைக்கு அந்நகரத்து எளிய மக்கள் சூட்டிய பெயர் 'செத்த காலேஜ்' என்பதாகும். உயிர்க்காட்சிச்சாலையை அவர்கள் 'உயிர் காலேஜ்' என்றனர். இவ்விரு பெயர்களையும் கேட்டு நகைப்பது எளிது. ஆனால் படிப்பறிவற்றோர் எனப்பட்ட அம்மக்கள், இவ்விரண்டும் கல்விச்சாலைகளே என்பதை ஐயமற உணர்ந்திருந்தனர். அதோடு, ஒன்றில் உயிர் உண்டு, மற்றொன்றில் அஃது இல்லை என்றும் தீர்ப்பளித்துவிட்டனர். செத்த பொருளுக்கு உயிர் கொடுக்கவல்லது யாது என்பதுதான் அரும்பொருளகம் பற்றிய திறனாய்வு முழுவதற்கும் அடிப்படையான வினா. குழந்தையை உடன் அழைத்துச் செல்வோர்க்கு இவ்வினாவினின்று தப்ப வழியில்லை. பெரியோர் உயிரற்ற கூடத்திலும் மரியாதைக்காகச் சிறிது நேரம் நிற்பர். குழந்தையோ கையை உதறிக்கொண்டு ஓடிவிடும்.

கோலாலம்பூரில் தமிழர் மிகுதியாக வாழும் பிரிக்பீல்ட்ஸும், இன்று செல்வர் மிகுந்த பங்சாரும் தேசிய அரும்பொருளகத்துக்குக் கூப்பிடு தூரத்தில் உள்ளன. பங்சாரில் இரயிலேறினால் அடுத்த நிலையம் கோலாலம்பூர் சென்ட்ரல். அங்கிருந்து, 2017இல் திறக்கப்பட்ட 'மூசியம் நெகாரா' நிலையத்தின் வழியே நடந்தே போய்ச் சேரலாம். பிரிக்பீல்ட்ஸ் என்பது செங்கற் சூளைகளால் வந்த பெயர். 1881ஆம் ஆண்டின் தீயும் வெள்ளமும் நகரை அழித்தபின், மரமும் அத்தாப்பும் விலக்கிச் செங்கல்லால் கட்ட முனைந்த காலத்து நினைவு அது. பங்சாரோ ஒரு ரப்பர்த் தோட்டம். புங்கே, கிரிசார் என்னும் ஐரோப்பிய முதலாளிமார் இருவர் பெயர்களின் கூட்டே அப்பெயர் என்பர். இன்று காப்பிக்கடைகளும் மாடிவீடுகளும் நிறைந்து நிற்கும் அக்குன்றுகளில் ஒருகாலத்தில் விடியற்காலையிற் பெரட்டுக்கு வரிசை நின்றவர்கள் நம் முன்னோர். இவ்வூரிலிருந்து அரும்பொருளகத்துக்குப் போகும் தமிழ்க்குழந்தை, ஒரு பழைய தோட்டத்தின் மீது நடந்தே அங்குச் செல்கின்றது. ஆனால் அதனை அக்குழந்தைக்குக் கூறுவோர் எத்தனை பேர்?

இனி நூலுக்கு வருவோம். இப்போதைய கட்டடம் நிற்கும் இடத்தில் முன்னர்ச் சிலாங்கூர் அரும்பொருட்சாலை இருந்தது. 1945ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 10ஆம் நாள் நேசநாட்டு விமானங்கள் வீசிய குண்டு அதன் ஒரு பகுதியை அழித்தது. பின்னர், சிங்கப்பூர்க் கட்டடக் கலைஞர் ஹோ கொக் ஹோ வரைந்த திட்டப்படி, மலாய் அரண்மனையின் கூரையமைப்பைத் தழுவிப் புதிய மாளிகை எழுந்தது. 1963ஆம் ஆண்டு ஆகஸ்டு 31இல் அது திறக்கப்பட்டது. மலேசியா என்னும் கூட்டரசு பிறந்தது அவ்வாண்டு செப்டம்பர் 16இல். ஆகவே இந்த அரும்பொருளகம் நாட்டின் பெயரைவிடப் பதினாறு நாள் மூத்தது. இதனை எட்டு வயதுக் குழந்தையிடம் கூறிப் பாருங்கள். அது விரல்விட்டு எண்ணத் தொடங்கும். முகப்பின் இருபுறமும் சியோங் லாய் டோங் என்னும் ஓவியர் தீட்டிய இரண்டு பெரிய மொசைக் ஓவியங்கள் உள்ளன. ஒன்று நாட்டின் வரலாற்று நிகழ்ச்சிகளையும் மற்றொன்று மக்களின் கைத்தொழில் கலைகளையும் காட்டுகின்றன. மலாய் மரபைத் தழுவிய மாளிகையைச் சீனர் ஒருவர் வரைந்தார். அதன் முகத்தைச் சீன ஓவியர் ஒருவர் அணிசெய்தார். பல இனத்தார் கூடி ஒரு நாட்டை ஆக்கியதற்கு இதைவிட எளிய பாடம் வேறு வேண்டுவதில்லை. உள்ளே கால் வைக்குமுன்பே இந்நூலின் முதல் அதிகாரம் முடிந்துவிடுகின்றது. பெரும்பாலோர் அதனைப் படியாமலே வாயிலைக் கடந்துவிடுகின்றனர்.

உள்ளே நான்கு கூடங்கள்: தொல்பழங்காலம், மலாய் அரசுகள், அயலார் ஆட்சிக்காலம், இன்றைய மலேசியா. வைப்புமுறை தெளிவானது, காலவரிசைப்படி அமைந்தது. ஆயின் காலவரிசை என்பது பெரியோருடைய அறிவு. ஆறு வயதுக் குழந்தைக்கு 'முன்னே' என்பது ஒன்றுதான். தாத்தாவின் இளமையும் மலாக்காவின் வீழ்ச்சியும் அதற்கு ஒரே தொலைவு. நான்கு கூடங்களையும் ஒரே நாளில் காட்ட முனைவோர், நான்கு வேளை உணவை ஒரே வேளையில் ஊட்ட முனைவோரை ஒப்பர்.

நம் கருத்தில், குழந்தைக்கு இந்நூலின் மிகச் சிறந்த அதிகாரம் முதற்கூடமே. அங்கே பேசப்படும் 'பேராக் மனிதன்', லெங்கோங் பள்ளத்தாக்கின் குகையொன்றில் 1990களின் தொடக்கத்தில் கண்டெடுக்கப்பட்டவன். ஏறத்தாழப் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவன். பிறவியிலேயே அவனது இடக்கை குறையுடையது. வேட்டையாடி உண்ட அக்காலத்தில் ஒரு கை குறைந்தவன் தனியே பிழைத்தல் அரிது. ஆயினும் அவன் முதுமையை எட்டும்வரை வாழ்ந்தான். இறந்தபோது காலை மடக்கிக் கிடத்தி, கற்கருவிகளும் சிப்பிகளும் உடன் வைத்துப் பேணிப் புதைத்தனர். அவனுக்கு இரை தேடிக் கொடுத்தோர் யாவர்? அவனை ஒதுக்கிவிடாத அக்கூட்டம் எத்தகைய கூட்டம்? மன்னரும் மகுடமும் தோன்றுவதற்குப் பன்னெடுங்காலம் முன்னரே, மெலிந்தோரைக் கைவிடாத அறம் இம்மண்ணில் இருந்தது என்னும் எண்ணம் எழுவதற்கு அந்த எலும்பு இடந்தருகின்றது. 'இந்தக் கை ஏன் சின்னது?' என்று குழந்தை கேட்கும் ஒரு கேள்வியிலிருந்து பெற்றோர் இவ்வளவு தூரம் அழைத்துச் செல்லலாம். செத்த பொருளுக்கு உயிர் கொடுப்பது இதுவன்றி வேறு யாது?

இனிக் குறைகளைக் கூறுவோம். குறிப்புப் பலகைகள் மலாயிலும் ஆங்கிலத்திலும் அமைந்தவை. நாட்டுமொழி முன்னிற்றல் முறையே. அதில் நமக்கு மாறுபாடு இல்லை. ஆனால் தமிழ்ப்பள்ளியில் முதலாம் இரண்டாம் வகுப்புப் பயிலும் குழந்தை அவ்விரு மொழிகளிலும் தட்டுத்தடுமாறும் பருவத்தது. தோட்டத்திலிருந்து உடன்வரும் பாட்டிக்கோ அவை வெறும் கோடுகள். ஆங்கில வாயிலாகக் கற்ற நம்மைப் போன்றோர்க்குப் பலகை விளங்கும். விளங்கியதை உடனே நம் மொழியில் எடுத்துரைக்கும் பழக்கந்தான் இல்லை. ஆங்கிலத்திற் படித்து, ஆங்கிலத்திலேயே தலையசைத்து, அடுத்த பெட்டிக்கு நகர்ந்துவிடுகின்றோம். குடும்பத்தில் ஒருவர்க்குக் கிட்டிய கல்வி ஏனையோர்க்குச் சுவராய் நிற்கும் இழிவு, கண்ணாடிப் பெட்டியின் முன்னேதான் மிகத் தெளிவாகப் புலப்படுகின்றது.

இரண்டாவது குறை, ரப்பரைப் பற்றி நாடெங்கும் சொல்லப்படும் கதையின் குறை. 1876இல் ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து விதை கொணர்ந்தார். சிங்கப்பூர்ப் பூங்காவின் தலைவர் ரிட்லி மரம் சாகாமல் பால் எடுக்கும் முறையைக் கண்டார். பின்னர் ஏற்றுமதி பெருகிற்று. பாடநூலும் காட்சிப் பெட்டியும் சுற்றுலா ஏடும் வழக்கமாகக் கூறும் கதை இதுவே. விதைக்குப் பெயர் உண்டு. விதை கொணர்ந்தவனுக்குப் பெயர் உண்டு. நாள்தோறும் நானூறு ஐந்நூறு மரங்களை இருள் பிரியுமுன் வெட்டி, மங்கு கவிழ்த்துப் பால் சேர்த்து, காண்டா வாளி சுமந்தவளுக்குப் பெயரில்லை. ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் ஒழிந்ததும், கங்காணி முறை 1938இல் முடிவுற்றதும் ஆண்டுகளாக மட்டும் நிற்கின்றன. 1942 முதல் 1943 வரை சயாம் மரண இரயில்பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்டு மாண்ட தோட்டத்துத் தமிழர் பல்லாயிரவர். அவர்தம் பெயர்ப்பட்டியல்கூட முழுமையாய் இல்லை.

இக்குறைக்கு அரசையும் அதிகாரிகளையும் மட்டும் நோவது எளிது. ஆனால் பெட்டிக்குள் வைக்கத்தக்க பொருளை நாம் வைத்திருக்கின்றோமா என்று முதலிற் கேட்டுக்கொள்ளல் வேண்டும். நம்மவர் வீட்டுக்குப் பழைய பால் வெட்டும் கத்தி ஆகாத பொருள். மகன் படித்து நகரில் குடியேறியதும் முதலில் வெளியே எறியப்படுவது அதுவே. மங்கும் வாளியும் பழைய இரும்புக் கடைக்குப் போயின. தோட்டங்கள் வீட்டு மனைகளாக விற்கப்படும்போது செக்ரோல் ஏடுகள் தீக்கிரையாவதைத் தோட்டத்து எழுத்துவேலை செய்வோர் யாவரும் அறிவர். அவ்வேடுகளில் என்ன இருந்தது? ஒவ்வொரு நாளும் வேலைக்கு வந்தவர் பெயர். ஆம், நம் பாட்டனார் பெயரும் பாட்டியார் பெயரும் எழுத்தில் ஏறிய ஒரே ஏடு அதுவாக இருந்திருக்கக் கூடும். 'கூலி வேலை செய்த கதையைக் குழந்தைக்கு ஏன் கூறுவது? அது தாழ்வல்லவா?' என்று கற்றோர் சிலர் வினவுகின்றனர். உழைத்தது தாழ்வன்று, உழைத்தோரை மறைப்பதே தாழ்வு என்பது நம் விடை. இந்தத் தாழ்வுணர்ச்சியைப் பெற்றோர் தம் வாயால் கற்பிப்பதில்லை. பெட்டியைக் கடந்து விரைந்து நடக்கும் நடையாற் கற்பிக்கின்றனர்.

இதற்கு நேர்மாறான மற்றொரு பழக்கமும் உண்டு. பூஜாங் பள்ளத்தாக்கைப் பற்றிய பேச்சு வந்தவுடன் தந்தைமார் மார்பு நிமிர்த்தி, 'நம் இராசேந்திர சோழன் கப்பற்படையோடு வந்து கடாரத்தை வென்றான்' என்று முழங்குகின்றனர். 1025ஆம் ஆண்டின் படையெடுப்பு வரலாற்று உண்மைதான். ஆயினும் அயல்நாட்டாரைக் கொள்ளையிட்ட மன்னனை 'நம் பாட்டன்' என்று காட்டி, நாகப்பட்டினத்தில் ரஜூலாக் கப்பல் ஏறிப் பினாங்கில் இறங்கிய உண்மைப் பாட்டனை மறைப்பது எவ்வகை வரலாறு? சோழனுக்கும் நமக்கும் உள்ள உறவை நிறுவ ஓலை கிடையாது. கங்காணியின் துண்டுச்சீட்டோ நேற்றுவரை நம் வீட்டு இரும்புப் பெட்டியில் இருந்தது. குழந்தைக்கு மன்னனின் வெற்றியைக் கொடுத்துவிட்டு மனிதனின் வாழ்வைப் பறித்தல் தகாது. அவ்வாறு வளரும் குழந்தை பெருமை பேசக் கற்கும்; பக்கத்து வீட்டு மலாய்க் குழந்தையோடு சேர்ந்து நின்று ஒரு பழம்பொருளைப் பார்க்கக் கல்லாது.

மாளிகைக்கு வெளியே பழைய நீராவி இரயில் எந்திரம் ஒன்று நிற்கின்றது. நம் மக்கள் இருவரையும் அங்கு அழைத்துச் சென்றிருந்தபோது, மகுடங்களையும் கிரிஸ் வாள்களையும் கண்டு சலித்த நான்கு வயதுச் சிறுவன், அதன் கரிய சக்கரத்தின் முன்னே நின்று, 'அப்பா, இதுக்குக் கரி யார் போட்டாங்க?' என்றான். இந்நாட்டு இரயில் வரலாற்றுக்கு இதனினும் நல்ல வினாவை எவரும் கேட்டிலர். இத்தகைய பொருள்களுக்கு, செய்த நாடும் செய்த ஆண்டும் குறிப்பதே எங்கும் உள்ள வழக்கம். கரி போட்டவன் யார், தண்டவாளத்துக்கு மண் வெட்டியவன் யார் என்பது பெற்றோர் சொல்ல வேண்டிய பகுதி. 1885இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு முதற்பாதை போடப்பட்டது. இலங்கையிலிருந்து வந்த பயனியர் படையினர் அதிற் பாடுபட்டனர். 1886இல் கோலாலம்பூரைக் கிள்ளான் பக்கத்தோடு இணைத்த பாதை பின்தொடர்ந்தது. பாதையிற் பாடுபட்டோரில் தமிழகத்தார் மிகப் பலர். நிலையத்தில் எழுத்துவேலை பார்த்தோரில் யாழ்ப்பாணத்தார் பலர். அவர்கள் குடியிருப்புகளாலேயே பிரிக்பீல்ட்ஸ் வளர்ந்தது. இவ்வளவையும் சக்கரத்தடியில் உட்கார்ந்து கூறலாம்.

தொட்டுப் பார்த்துக் கற்றலே குழந்தையின் முறை என்பது புதுக்கொள்கையன்று. 1899ஆம் ஆண்டிலேயே அமெரிக்க நாட்டு புரூக்ளினில் குழந்தைகளுக்கெனத் தனி அரும்பொருளகம் திறந்தனர். 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களைப் பயிற்றுவித்த மாண்டிசோரி அம்மையார், கையின் வழியே அறிவு ஏறுகின்றது என்பதைத் தம் வாழ்நாள் முழுதும் வற்புறுத்தினார். நம் நகரிலும் 1996இல் புக்கிட் கியாராவில் தேசிய அறிவியல் மையமும், 1999இல் இரட்டைக் கோபுரத்தில் பெட்ரோசயின்சும் இம்முறையைத் தழுவி எழுந்தன. அங்கே பொத்தானை அழுத்தலாம், சக்கரத்தைச் சுழற்றலாம். குழந்தைகள் வெளியே வர மறுக்கின்றனர். ஆகவே 'குழந்தைக்கு ஏற்றது அறிவியல் மையமே. பழம்பொருட்சாலை வீண்' என்று முடிவு கட்டுவோர் உளர். இம்முடிவு சரியன்று. நெம்புகோல் எவ்வாறு இயங்குகின்றது என்பதை அறிவியல் மையம் கற்பிக்கும்; அதை அழுத்தும் கை யாருடைய வழித்தோன்றல் என்பதைக் கற்பிக்காது. இரண்டும் வேண்டும். ஒன்றின் சுறுசுறுப்பை மற்றொன்றுக்குக் கொண்டுபோகும் வழியைத்தான் நாம் தேட வேண்டும்.

எளியோர் வாழ்வையும் காட்சிக்கு வைக்கலாம் என்பதற்குச் சான்றுகள் உள்ளன. இலங்கையில் கம்பளைக்கு அருகே, தேயிலைத் தோட்டத்தின் பழைய லயத்தையே தொழிலாளர் அரும்பொருளகமாக 2007இல் ஆக்கினர். மன்னர் மாளிகை அன்று, அவர்கள் படுத்துறங்கிய அறையே காட்சிக்கூடம். மொரீசியசில் ஒப்பந்தக் கூலிகள் வந்திறங்கிய 'அப்பிரவாசி காட்' துறையின் கற்படிகளை 2006இல் உலக மரபுச் சின்னமாக ஏற்றனர். சிங்கப்பூரில் 2015இல் இந்திய மரபுடைமை நிலையம் திறக்கப்பட்டது. தமிழகத்தில் 2023இல் திறந்த கீழடி அருங்காட்சியகத்திலும் அரசர் பொன்னைவிட, பானையோட்டிற் கீறிய சாதாரண மக்களின் பெயர்களே காண்போரை நிறுத்துகின்றன. தன் பெயரைப் பானையிற் கீறிய அன்றைய மனிதனும், செக்ரோலிற் பெயர் ஏறிய நம் பாட்டனும் ஒரே வரலாற்றின் இரு முனைகள் என்று குழந்தைக்குக் கூறினால், கடாரப் பெருமை வேண்டாமலே அது நிமிர்ந்து நிற்கும்.

அரும்பொருளகத்துக்குக் குழந்தையுடன் போவோர்க்குச் சில சொற்கள். ஒரு வரவுக்கு ஒரு கூடம் போதும். ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டா. முதல்நாள் இரவே ஒரே ஒரு பொருளைப் பற்றிக் கதையாகக் கூறிவையுங்கள். மறுநாள் அக்குழந்தை அப்பொருளைத் தானே தேடிக் கண்டுபிடிக்கட்டும். கையில் ஒரு தாளும் பென்சிலும் கொடுங்கள். புகைப்படம் எடுத்தவன் மறந்துவிடுவான்; வரைந்தவன் மறவான். பசித்த குழந்தைக்கு வரலாறு ஏறாது. அருகே தாவரப் பூங்கா இருக்கின்றது, கட்டுச்சோற்றை அங்கே பிரியுங்கள். கைக்குழந்தையை அதட்டி அடக்காதீர்கள். அது அழுதால் வெளியே இரயில் எந்திரம் உண்டு.

எல்லாவற்றினும் மேலாக, பாட்டியை உடன் அழைத்துச் செல்லுங்கள். அவரை வீட்டுக் காவலுக்கு நிறுத்திவிட்டு நாம் மட்டும் வரலாறு பார்க்கப் போவது நகைப்புக்குரியது. மூன்றாம் கூடத்தில் ரப்பரைப் பற்றிய பேச்சு வருமிடத்தில் அவரை முன்னே நிறுத்தி, 'சொல்லுங்கள் அம்மா' என்று கேளுங்கள். முதலில் வெட்கப்படுவார், பின்னர், பட்டையை எவ்வளவு ஆழம் சீவ வேண்டும், எந்தப் பக்கம் சாய்க்க வேண்டும், மழை வந்தால் அன்றைய பாலும் கூலியும் என்னவாகும், கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு எத்தனை மணிக்குப் புறப்பட்டார் என்றெல்லாம் கூறுவார். எந்தப் பலகையும் எழுதாத குறிப்பு அது. அதுவும் தமிழிலேயே கிடைக்கும். அவர் காலத்துக்குப் பின் அதனை எங்கும் படிக்க இயலாது.

இதனை வீட்டளவில் நிறுத்துதல் போதாது. இந்த அரும்பொருளகத்தில் தன்னார்வலர்கள் ஆங்கிலம், பிரெஞ்சு, ஜப்பானியம் முதலிய மொழிகளில் வந்தோர்க்கு வழிகாட்டி வருகின்றனர். இந்நாட்டிற் சில ஆண்டுகளே தங்கிச் செல்லும் அயல்நாட்டுப் பெண்மணிகள் பலர் தம் மொழியாருக்கு இத்தொண்டைச் செய்யும்போது, நான்கு தலைமுறை இங்கு வாழ்ந்த நாம் நம் மொழியாருக்குச் செய்யலாகாதா? தமிழாசிரியரும் கிராணிமாரும் கல்லூரி மாணவரும் பயிற்சி பெற்று, திங்களுக்கு ஒரு ஞாயிறு தமிழ்ப்பள்ளிக் குழந்தைகளுக்கு எடுத்துரைக்க முன்வரல் வேண்டும். தோட்ட அலுவலகங்களில் எஞ்சிய செக்ரோல் ஏடுகளையும் பழைய நிழற்படங்களையும் தீயிலிடுமுன் படியெடுத்துத் தக்க நிலையங்களில் ஒப்படைத்தல் வேண்டும். தமிழ்ப்பள்ளி ஒவ்வொன்றும் ஒரு கண்ணாடி அலமாரியை ஒதுக்கி, ஊராரிடமிருந்து ஒரு கத்தி, ஒரு மங்கு, ஒரு பித்தளைச் சொம்பு, கப்பலில் வந்த ஒரு தகரப்பெட்டி ஆகியவற்றைக் கேட்டுப் பெற்று, பெயரும் ஆண்டும் எழுதி வைக்கட்டும். பெரிய மாளிகையில் இடம் கேட்கும் உரிமை, சிறிய அலமாரியைக் காத்தவர்க்கே வலிமையாக உண்டாகும்.

தோழர்களே! வரும் விடுமுறையில் குழந்தைகளை அரும்பொருளகத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். அது நம் நாட்டின் நூல். அதில் பெரும்பகுதி செவ்வனே எழுதப்பட்டுள்ளது. சில பக்கங்கள் வெறுமையாக உள்ளன. அவ்வெறும் பக்கங்களில் எழுதவேண்டிய செய்தி நம் வீட்டு முதியோர் நாவிலும், தோட்டத்து அலுவலக அலமாரியிலும் இன்னும் சில ஆண்டுகளே தங்கியிருக்கும். அதற்குள் அதனைக் குழந்தைகளுக்குச் சொல்லிவைப்பது பெற்றோராகிய நம் கடன்.